கரையில் நிற்கும் பிள்ளைகள்

செவ்வாய், இரவு.

குளத்தில் இன்றும் அதே வகுப்பு. பையன்களுக்கு நீச்சல். பெண்பிள்ளைகள் கரையில் நின்று, தண்ணீரில் தத்தளிப்பவர் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டிய காலிக் கேனை எறியப் பழகினால் போதும். அவர்களைத் தண்ணீரில் இறக்க வீடுகளில் சம்மதிக்கவில்லை. நானும் பாடத்திட்டத்தை அப்படியே எழுதிவிட்டேன்.

ஜெனி நன்றாகவே எறிந்தாள்.

"உன் தம்பி தண்ணியில விழுந்தா என்ன செய்வ மக்கா?" என்று கேட்டேன்.

"கேன எறிவேன் டீச்சர்."

"அவன் பிடிக்கலன்னா?"

"நானும் தண்ணிக்குள்ள சாடுவேன். பின்ன, அவன விட்டுட்டு எப்பிடி வீட்டுக்குப் போவேன்?"

அவளுக்கு நீந்தத் தெரியாது.

அலுப்பாக இருக்கிறது. நாளை அவள் அம்மையிடம் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும். போன தடவை வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்: "அவளுக்கு எதுக்கு டீச்சர் நீச்சல்? அவ தண்ணிப் பக்கமே போவ மாட்டா."