உறைபனியில் வைத்த குப்பி

மன்னவனூர்,
மாசி 4.

அன்பு மகள் தமிழ்மதிக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் உனக்கு ஒரு குறையும் வராமல் குழந்தை வேலப்பர் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிய கைக்கு இன்று அந்த வரி வரமாட்டேன் என்கிறது. உன் அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, பசு கன்று போட்டிருக்கிறது, கீழ்ப்பாத்தி உருளைக்கிழங்கு பனியில் கருகிவிட்டது, பூண்டு மட்டும் தாக்குப்பிடித்து நிற்கிறது. இதெல்லாம் நீ போனில் கேட்டதுதான். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. போனை எடுத்தாலே உன் அம்மா தோளை ஒட்டி நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால் எழுதுகிறேன். படித்த கையோடு போன் போட்டு அழுதுவிடாதே.

உன் தம்பி செந்தில்வேலுக்கு முதலில் எடுத்த சாம்பிளை மதுரை லேப்காரர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று உனக்கும் சொன்னேன் அல்லவா. அவர்கள் தொலைக்கவில்லை. கெடுத்தவன் நான். மார்கழியில் கொடைக்கானலுக்கு வந்திருந்த ரத்த டாக்டர் அவன் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளேயிருந்து மஜ்ஜை எடுத்தபோது அவன் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துபோனது. கட்டைவிரல் அளவுக் குப்பி ஒன்றை என்னிடம் கொடுத்து, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மதுரை லேப்ல சேத்துருங்க, சூடு படாம கூலா வச்சுக்குங்க என்றார் நர்ஸம்மா. அப்போதே மதுரை பஸ் நின்றது. ஏறியிருக்கலாம். ஆனால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், முக்கியமான எதுவும் சாமி முன்னால் வைத்து எடுக்காமல் மலை இறங்காது. உன் பாஸ்போர்ட்டுக்கும் பொட்டு வைத்துத்தானே அனுப்பினோம், ஆபீஸில் இதென்ன மஞ்சள் கறை என்று கேட்டதாக நீகூடச் சிரித்தாய். சாமிகிட்ட காட்டாம கீழ எறக்கிராதீங்க என்று உன் அம்மா சொல்லிவிட்டு செந்திலோடு கொடைக்கானலிலேயே தங்கிவிட்டாள். நான் குப்பியோடு ஊருக்கு வந்தேன்.

விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தொட்டுப் பார்த்தால் குப்பி வெதுவெதுவென்று இருந்தது. விளக்குச் சூடு. நர்ஸ் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபிரிட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னபோது ஊரே ஃபிரிட்ஜாகத்தான் கிடக்கிறது என்று கிண்டல் பேசியவன் நான்தான். மிச்சப் பாலை மார்கழியில் மாட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல்தானே வைப்போம், அதே மாதிரி குப்பியை ஒரு டம்ளரில் போட்டுத் தகரத்தில் வைத்தேன். வெள்ளனே எழுந்து பார்த்தபோது புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது, குப்பிக்குள் இருந்தது குச்சி ஐஸ் மாதிரி இறுகியிருந்தது. நல்ல கூலாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன், தாயி. வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் சட்டைப்பையில் அது இளகிவிட்டது.

லேபில் ஜெயமுருகன் என்று ஒரு பையன், மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஐயா இது உறைஞ்சு போச்சுங்களா என்று கேட்டான். இரண்டு வருஷத்துக்கு முன் பனியில் கருகிய உருளை இலையைப் படம் எடுத்து அனுப்பினேனே, ஒவ்வொரு செல்லும் தண்ணி நெறஞ்ச சின்னப் பை அப்பா, தண்ணி ஐஸானா பை கிழிஞ்சிரும் என்று நீ எனக்குச் சொன்னாய். தெரிந்துதான் இருந்தது. அது இலைக்கு என்று இருந்துவிட்டேன். அந்த இலைக் கதையை ஜெயமுருகனிடம் சொன்னேன். அவன் சொன்னான், இலைக்காச்சும் செல்லைச் சுத்திச் சுவர் இருக்குங்க, ரத்த செல்லுக்கு மெல்லிசா சவ்வு ஒண்ணுதான், ஐஸு குத்திக் கிழிச்சு உள்ள இருந்ததெல்லாம் வெளிய கொட்டிப்போச்சு, உசுரோட ஒரு செல்லுகூட இல்லீங்க, எதை வச்சு என்ன வகை ரத்தப் புத்துன்னு பாக்கறது என்று. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் வந்து, தொலைத்துவிட்டார்கள் என்றேன். பனியைவிட இந்தப் பொய்தான் பெரிய கேடு செய்தது. தொலைச்சவன் எலும்புல மொதல்ல குத்தச் சொல்லுங்க, நான் வரமாட்டேன் என்று செந்தில் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டான். பதினாறு நாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு நானும் அவனோடு சேர்ந்து லேப்காரனை வைதேன். தலையணை நனைகிற அளவுக்கு மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் அவன் மறுபடி ஊசிக்குச் சம்மதித்தான். அதற்குள் கெட்ட செல்கள் பல மடங்காகிவிட்டனவாம், மருந்து மட்டும் போதாது, கூடப் பிறந்தவள் எலும்பிலிருந்து நல்ல செல் வேண்டும் என்கிறார்கள். அந்தப் பதினாறு நாள் வீணாகாமல் இருந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். ஃபைலைப் புரட்டிக்கொண்டே, இனி ஆக வேண்டியதைப் பாப்போங்க என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று படித்தவள் நீ எனக்கு ஒளிக்காமல் எழுது.

இன்று காலை வெயிலில் உட்கார்ந்திருந்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொட்டகைத் தகரத்தை நிமிர்ந்து பார்த்தான். கத்துவான் என்று இருந்தேன். அம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்கப்பா, சாமிகிட்ட காட்டச் சொன்னது அவங்கதான என்றான். அப்புறம் குளிருது என்று போர்வை கேட்டான்.

உனக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்ப வேண்டும் என்று விவரம் வந்திருக்கும். அதை முதலில் வீட்டுக்கு அனுப்பு, சாமி காலடியில் வைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று உன் அம்மா போனில் சொல்லுவாள். அவளோடு வாதாடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பில் தெம்பு இருக்கட்டும், அது இப்போது இரண்டு பேருக்கு வேண்டியது. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் நேராக மதுரை லேப் விலாசத்துக்கே அனுப்பு. கவரின் எந்த மூலையிலும் என் பெயரை எழுதிவிடாதே, அது என் கைக்கு வரவே வேண்டாம்.

உன் அப்பா,
சின்னச்சாமி