இரவல் பிள்ளை

3 மார்ச் 1983

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன், நோட்டிடமா? பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு விடுகிறாளா என்று தொட்டுப் பார்த்து நானே எழுப்பிவிட்டேன். பி.ஏ. படித்த மூளை.

இன்று தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு நர்ஸ் மிஸ்ஸி பிள்ளைகளை எடை போட வந்தார். கூடவே ஈப்போவிலிருந்து வக்கீல் திலகம் அக்கா. முன்னால் மிஸ்ஸியும் தராசும்; பின்னறையில், பால்மாவு டின்களுக்கு நடுவே, புருஷன்களுக்குத் தெரியாமல் பெண்களின் குறை கேட்க வக்கீல். கையில் பிள்ளை இருந்தால் எந்தப் புருஷனும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அதனால் பிள்ளை இல்லாதவர்கள் இரவல் வாங்குகிறார்கள். என் மகளை மூன்று பேர் வாங்கிப்போய் எடை போட்டார்கள். மூன்று தரமும் வேறு வேறு எடை. நான் எதை நம்பிக் கவலைப்படுவது?

7 ஏப்ரல்

இன்று பாப்பாவை வாங்கிப்போனது கொழுந்து பறிக்கும் அம்சவல்லி. மணிக்கட்டு வீங்கியிருந்தது. "கதவுல இடிச்சிக்கிட்டேன் மிஸ்ஸி." "அந்தக் கதவு குடிக்குமா?" என்றாராம் மிஸ்ஸி. கட்டுப் போட்டுப் பின்னறைக்கு அனுப்பினார்.

கதவின் பெயர் காளியண்ணன். கொழுந்து லோரி ஓட்டுகிறான். தோட்டம் கொடுத்த லயத்து வீடு அவன் பேரில். அவனை விட்டால் அவளுக்கு வீடும் இல்லை. "நீயும் தோட்டத்து ஆளுதானே? முதல்ல போலீஸ்ல எழுதி வை. அப்புறம் உன் பேர்ல வீடு கேப்போம்லா" என்றாராம் வக்கீல்.

திரும்பும் வழியில் காளியண்ணன் மறித்திருக்கிறான். "யாரு புள்ள?" "கிராணி வீட்டுது. கிராணியம்மாவுக்குக் காய்ச்சல்." அவன் நேரே இங்கே, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்கே, வந்துவிட்டான். "காய்ச்சல்னாங்களே கிராணியம்மா?" நான் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அதையே போர்த்திக்கொண்டு இருமினேன். ஈரப் போர்வை. இப்போது நிஜமாகவே காய்ச்சல்.

2 ஜூன்

இவர் பயப்படுகிறார். தோட்டத்து வீடு எது யார் பேரில் என்று பதிவு எழுதுவது கிராணியான இவர் வேலைதான். "துரை காதுக்குப் போச்சுன்னா என் வேலை போயிரும். வக்கீலுக்கு டீ போட்டுக் குடுத்ததோட நிறுத்திக்க." மேனேஜர் துரையின் நாய் தும்மினாலும் எழுந்து நிற்கிற மனுஷன். இதைப் படித்தால் படிக்கட்டும்.

19 ஜூன்

அம்சவல்லி போலீசில் எழுதி வைத்துவிட்டாள். நான்தான் இரண்டு தரம் எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்தேன்.

28 ஜூன்

காளியண்ணன் ஆபீசில் போய்க் கத்தியிருக்கிறான். வீடு அவன் பேரில், அவள் வெளியேறட்டும் என்று துரை சொல்லிவிட்டார். அவளுக்கு நோட்டீஸை இவர் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "அவ திட்டுவான்னு நெனச்சேன். வாங்கி மடிச்சு வச்சிக்கிட்டு, பாப்பாவுக்குப் பல்லு வந்திருச்சான்னு கேட்டா."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  நான் சோற்றை மூடி வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். 

30 ஜூன்

வக்கீலுக்கு எழுதியது. காலையில் பிரிஞ்சாங் டவுன் தபாலாபீசில் சேர்க்க வேண்டும் —

திலகம் அக்கா, அம்சவல்லி எங்கள் கூடத்தில் படுத்திருக்கிறாள். இங்கிருந்தே வேலைக்குப் போகிறாள். துரை பார்த்தால் பார்க்கட்டும் என்று இவரே சொன்னார். குரல்தான் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவள் பேரில் வீடு கேட்டு மனுவும் இவரே எழுதிவிட்டார். கோர்ட்டில் கூப்பிட்டால் சாட்சிக்கு வருவாராம். இவர் மனம் மாறுவதற்குள் கோர்ட்டில் நாள் வாங்குங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.