நான் அணைத்த மஞ்சள் விளக்கு

மச்சான்,

இன்று காலை ஷெட்டுக்கு ஒரு கார் வந்தது. பானெட்டைத் திறக்கும் முன்பே கியர் ஆயில் கருகிய நாற்றம். நீ போனதிலிருந்து, அந்த நாற்றம் மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் ஷட்டரைத் தூக்குகிறேன்.

ஓட்டி வந்தவன் உன் மகன். அவனும் இப்போது வாடகைக் கார்தான் ஓட்டுகிறான். கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகினேன். ஆட்டோமேட்டிக் கியர் நழுவுகிறது என்று வந்தது. உன் வண்டியில் அன்றைக்கு வந்த அதே எரர்.

அன்று முகூர்த்த நாள். கல்யாணப் பெண்ணைச் சேத்துப்பட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, பெண்ணின் பெரியப்பா ஏறவே மாட்டேன் என்று நின்றார். நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே! நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அபசகுனம். வண்டிக்கு என்ன கேடு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், விளக்கு அணைந்தால் போதும்.

"மஞ்சள்தானேடா எரியுது, மங்கலம்னு சொல்லேன்" என்று கிண்டல் செய்தேன்.

"சிரிச்சிகினு நிக்காத. ஜல்தி அழிச்சி உடு, ஒரே பேஜாரா கீது" என்றாய்.

ஸ்கேனரை மாட்டியபடியே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருந்தால், இன்ஜின் வேகம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று திரையிலேயே தெரிந்திருக்கும். கால் மணி நேர வேலை, பாவி நான் செய்யவில்லை. எரரை மட்டும் அழித்தேன். விளக்கு அணைந்தது. பெரியவர் சாமி கும்பிட்டு ஏறினார்.

போகும் வழியில் நீ லாரியை முந்தும்போது எதிரே பஸ் வந்ததாம். "இன்ஜின் கத்துச்சி, வண்டி இழுக்கவே இல்ல" என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவரே சொன்னார். மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள், நீ பிழைக்கவில்லை. இன்ஜின் கத்தியதை மட்டும் வைத்து, வேகமாகப் போய்ச் செத்தான் என்றது ஊர். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று உன் மகனும் அதையேதான் கேட்டான்.

"அழிச்சி உடுங்க மாமா. நாளைக்கு முகூர்த்தம், வந்தவாசி ட்ரிப்பு. பயப்படாதீங்க, நான் அப்பா மாதிரி பறக்கமாட்டேன்."

ச்சே! அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"உங்கப்பன் பறக்கலடா. வண்டிதான் இழுக்கல. அன்னிக்கும் இதே எரர்தான். நான்தான் அழிச்சி அனுப்பனேன்."

திட்டுவான், அடிப்பான் என்று நின்றேன். அவன் சாவியை மேஜைமேல் வைத்தான்.

"அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றான். நடந்தே போய்விட்டான்.

சாயந்தரம் உன் வீட்டுக்குப் போகிறேன். போகும்போதெல்லாம் உன் மனைவி காபி கொடுத்துவிட்டு, "நீங்களாவது வண்டிய மெதுவா ஓட்டுங்கண்ணா" என்பாள். தலையாட்டிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன், இத்தனை வருடமும். இன்று அவள் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.