சுண்டு ரொட்டி

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அடுப்பும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஆமாம், நம் ரொட்டிக்கடை அடுப்பைத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை மறுபடி மூட்டிவிட்டோம். புகை கண்ணில் பட்டு நான் அழுதேன் என்று அம்மா போனில் சொல்லியிருப்பாள், புகையும் இருந்தது.

யுத்தம் முடிந்து, நீ வேலை பார்க்கும் இலாகாவின் விலைக் கட்டுப்பாட்டு உத்தரவும் ஒழிந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ கோபித்துக்கொண்டாலும் சரி, சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்கு வேண்டிய பணத்தை ஜனங்களிடம் வரியாகக் கேட்கத் தைரியமில்லாமல் அரசாங்கம் நோட்டாக அடித்துத் தள்ளியது. நோட்டு பெருகியது, மாவு பெருகவில்லை. விலை ஏறியதும் பழி கடைக்காரன் தலையில். மாவு விலையை ஏற விட்டுவிட்டு ரொட்டி விலையை மட்டும் உத்தரவு போட்டுக் கட்டினால் நான் என்ன செய்வேன், ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிசாக்கினேன். அம்மா அதைத் தூக்கிப் பார்த்து "இது ரொட்டியா, பிஸ்கோத்தா?" என்று கேட்ட அன்றுதான் கடையைச் சாத்தினேன். அந்த வாரம்தான் நீ வந்தாய். "விலையை அவிழ்த்து விட்டா இல்லாதவங்க எப்படிப்பா வாங்குவாங்க?" என்று நீ கேட்க, நான் கத்த, நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். அதிலிருந்து நம் இருவருக்கும் நடுவில் அம்மாதான் தபால்.

இப்போது கூத்தைக் கேள். விலையை நானே எழுதலாம் என்றதும் இத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்துப் பலகையில் எழுதினேன். சாயங்காலம் வரை ரொட்டி அலமாரியில் அப்படியே இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா மிஷினை ஓரம் தள்ளிவிட்டு ஒரு சின்ன அடுப்பு வாங்கிப் போட்டு, என்னைவிடக் குறைத்து விற்றுக்கொண்டிருந்தாள்! "இஷ்டத்துக்கு விலை வைக்கிற உரிமை உங்களுக்கு மட்டும்தான் வந்துதாக்கும்" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். துணியை எடுத்துப் பலகையைத் துடைத்து, விலையைக் குறைத்து எழுதினேன். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்தது. முன்னாள் தபால்காரர் முட்டிவலியோடு வந்து, "உத்தரவு இருந்தப்பவிட விலை கூடத்தான், ஆனா வரிசையில நின்னு வெறுங்கையோட போகலையே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அவர் பாதி ரொட்டிதான் கேட்டார். வெட்டிக் கொடுக்கும்போது நீ கேட்ட கேள்வி என் கத்தியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

உத்தரவு முட்டாள்தனம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் உன் கேள்வி முட்டாள்தனமில்லை. ஆகவே அன்று ஒளித்துச் செய்ததை இப்போது வெளிப்படையாகச் செய்கிறேன். சின்ன ரொட்டி, பாதி விலை, தனித் தட்டு. அதுதான் முதலில் தீர்கிறது. தையல்காரம்மாவும் இன்று ஒன்று வாங்கிப் போயிருக்கிறாள், நாளை அவளும் போடுவாள், போடட்டும்.

மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல். ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள். இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். லீவு கிடைக்குமா என்று மறக்காமல் கேள். சின்ன ரொட்டிக்கு உன் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் "சுண்டு இருக்கா, சுண்டு இருக்கா" என்று கேட்கிறார்கள். கடையில் இருக்கிறது மகளே, வீட்டில்தான் இல்லை.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா