மூக்குப் பரிசல்

என்னங்க,

இன்று காலையில் அடுத்த வீட்டில் குங்கிலியப் புகை போட்டார்கள். வெள்ளிக்கிழமை. எல்லோருக்கும் அது சாமி வாசனை, எனக்கு உங்கள் படகு வாசனை. மலைக்காரர்கள் கொண்டுவந்த குங்கிலியத்தை இடித்து, எண்ணெயில் காய்ச்சி, பஞ்சோடு சேர்த்துப் பலகைச் சந்துகளில் நீங்கள் திணித்த நாட்களில் நம் வீட்டுச் சோறுகூட அந்த வாசனைதான் அடித்தது. "சாமிக்குப் போடற சரக்கக் கொண்டாந்து மரத்துக்குப் பூசறானே" என்று உங்கள் அண்ணன் தெருவில் நின்று கத்தியதும் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். இன்றைக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனபோதுதான் எல்லாம் தொடங்கியது. வட்டப் பரிசல் சுற்றிய சுற்றில் எனக்குத் தலை கிறுகிறுத்தது, உங்களுக்குக் கோபம் வந்தது. "இதுக்குச் சுத்தத்தான் தெரியுது. மூக்குன்னு ஒண்ணு இருந்தாத்தான நாம சொல்ற பக்கம் போவும்" என்றீர்கள். கரையேறியதும் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த கப்பல் படத்தைக் காட்டினீர்கள். கடலையே பார்க்காத மனிதர், வானம் பார்த்த பூமியில் கேழ்வரகு விதைக்கிறவர், அந்தக் கட்டைவிரல் அகலப் படத்தை நம்பி மரம் அறுக்கத் துணிந்தீர்கள்.

காற்றில் சாய்ந்த மாமரம் பாகம் பிரித்ததில் உங்களுக்கு வந்திருந்தது. அதைப் பலகையாக்கினீர்கள். உலகச் சண்டைக் காலம், கடையில் ஆணி கிடைக்கவில்லை. முறிந்த வண்டிகளிலிருந்து பிடுங்கி, தட்டி நிமிர்த்தினீர்கள். இரண்டு வருஷம், கேழ்வரகுக் காட்டில் வேலை இல்லாத பொழுதெல்லாம் மாட்டுக் கொட்டகையில்தான் கிடந்தீர்கள். ஊர் அதற்கு மூக்குப் பரிசல் என்று பேர் வைத்தது. படகு என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. "தொட்டிலுக்கு வழியில்லாத வூட்டுல இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அன்றைக்கெல்லாம் அழுதேன். மறுநாள் உங்களோடு உட்கார்ந்து உளி பிடித்தேன். அழுதுகொண்டே இருந்தால் அவர்களுக்குத்தானே கொண்டாட்டம்.

ஏரி நிரம்பிய ஐப்பசியில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஊரே கரையில் நின்றது. உங்கள் அண்ணன் கோடாலியோடு வந்திருந்தார். "மெதந்தா உன்னுது. முழுவினா அடுப்புக்கு. நானே வெட்டறேன்" என்றார். படகு நாலு முழம் போவதற்குள் சந்துக்குச் சந்து தண்ணீர் ஏறி, இடுப்பளவு ஆழத்தில் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. அன்று சிரித்த ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நீங்கள் வழிவிட்டு நின்றீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆம்பிளைகள் கூடிய இடத்தில் நான் வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

"கோடையில வண்டிச் சக்கரம் காஞ்சு கழண்டா என்னங்க பண்றீங்க? குட்டையில போட்டு ஊற வெக்கறீங்க, மரம் உப்பி இறுகிக்குது. அதுக்கு ஆரும் கோடாலி தூக்கறதில்லையே. இதுவும் மரந்தானுங்க, ஊறட்டும்."

அங்கே நின்றவர்கள் எல்லோருமே வண்டி வைத்திருப்பவர்கள். இரண்டொருவர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும், "எட்டு நாளு. அப்பறம் கோடாலிதான்" என்றார். நாம் இரண்டு பேரும் படகுக்குள் கல் அடுக்கி அதை முழுசாக அமுக்கினோம். மிதப்பதற்குச் செய்ததைக் கல் வைத்து அமுக்குகிறார்கள் என்று மறுபடியும் சிரித்தார்கள். "அவுங்க சிரிக்கறதுல ஒண்ணும் ஒழுவாது, வுடு" என்றீர்கள்.

எட்டாம் நாள் கல்லை எடுத்துவிட்டு, செம்பால் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். பலகைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்தன. ஒரே ஓர் இடத்தில் கசிந்தது. அதை நீங்கள் குதிகாலால் மூடிக்கொண்டீர்கள். நான் மட்டும்தான் பார்த்தேன். "ஏறு" என்றீர்கள். பொம்பிளை ஏறலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஏறினேன். அக்கரை வரைக்கும் சுற்றாமல் நேராகப் போனோம். அண்ணன் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காய்ச்சலில் நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஏரியும் வறண்டுதான் கிடந்தது. கொட்டகையில் காய்ந்த படகின் பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. என்னை மூலையில் உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை என்பதை நான் சொல்லித்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? போன வாரம் அண்ணன் வந்தார். "அவனே போயிட்டான், இனி இது எதுக்கு உனக்கு? வெறகுக்காவது ஆவும்" என்றார். கோடாலி இந்தத் தடவையும் கையில் இருந்தது.

ஏரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாட்டைப் பூட்டிப் படகை இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீரில் இறங்கி நானே கல் அடுக்கினேன். கரையில் போனவர்கள், "என்னங்க ஆத்தா, மூக்குப் பரிசல் முழுவிப்போச்சா?" என்று கேட்டார்கள்.

"ஊறுதுங்க" என்றேன்.

நாளைக்கு எட்டாம் நாள். அதே செம்பைத் துலக்கி வைத்திருக்கிறேன். அண்ணனும் வருவார், ஊரும் வரும், வரட்டும். கசிகிற இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே என் குதிகாலை வைத்துக்கொள்வேன்.