முன் பெஞ்சுக்கு ஒரு கடிதம்

அக்கா,

நேற்று நம் ஆலயத்துப் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை மூக்கைப் பிடித்தது. வேலைக்கு வந்தவர் பெஞ்சுகளை ஒவ்வொன்றாக உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு வந்து, கடைசியில் வலப்பக்க முதல் பெஞ்சருகே நின்றுவிட்டார். அதில் நடுவாக, பெருக்கல் குறி போலப் பசைத் தடம் ஒன்று காய்ந்து கிடந்தது.

"இது போகமாட்டேங்குது லா. ஆழமா தேய்ச்சுப் பாக்கட்டுமா?"

"வேண்டாண்ணே. அது மேலயே அடிச்சிருங்க."

"அப்புறம் தெரியுமே?"

"தெரியட்டும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அது நீங்கள் ஒட்டிய நாடாவின் தடம் என்று அவருக்கு எங்கிருந்து விளக்குவது? எனக்கே வீட்டுக்கு வந்து இப்படி உட்கார்ந்து எழுதினால்தான் தெளிவாகும் போலிருக்கிறது.

உங்களைப் பதினெட்டு வருடம் பின்னாலிருந்து பார்த்தவள் நான். நீங்கள் முதல் பெஞ்சு, நான் இரண்டாவது. உங்கள் முகத்தைவிடக் கொண்டையை எனக்கு நன்றாகத் தெரியும். பாயான் பாரு தொழிற்சாலையில் முப்பது வருடம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து வேலை பார்த்த கழுத்து உங்களுடையது. பிரசங்கம் நீண்டால் அது வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை திரும்பும். அதைப் பார்த்துப் போதகர் முடித்துவிடுவார் என்று நாங்கள் கேலி பேசுவோம். நம் ஆலயத்தில் யாருக்கும் இடம் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் இடம் உண்டு. தெரியாமல் யாராவது மாறி உட்கார்ந்தால், உரியவர் வந்து ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பார். அவ்வளவுதான், உட்கார்ந்தவர் எழுந்துவிடுவார்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயத்தைப் பூட்டியபோது அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் கையில் எடுத்தீர்கள். போதகர் ஞாயிறு ஆராதனையைக் கைப்பேசியில் காட்ட ஏற்பாடு செய்திருந்தார். எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது நீங்கள் குழு அழைப்பில் குறுக்கே வந்தீர்கள்.

"நல்லாதான் இருக்கு பாஸ்டர். ஆனா யாரு வரலன்னு எப்படித் தெரியும்?"

"எத்தன பேர் பாக்குறாங்கன்னு கீழ காட்டுது சிஸ்டர்."

"எத்தன பேருன்னு கேக்கல. யாருன்னு கேக்குறேன்."

அடுத்த ஞாயிறே லைன் தொடங்கிவிட்டது. லைன் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தவர் வேறு என்ன சொல்வீர்கள்? மாலை நான்கு மணிக்கு முதல் பெஞ்சுக்காரர் தன் பின்னால் உட்காருகிறவரை அழைக்க வேண்டும். அவர் தன் பின்னால் இருப்பவரை. கடைசிப் பெஞ்சு வரை போனதும், கடைசி ஆள் உங்களை அழைத்து "லைன் முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும். "அடுத்த ஷிஃப்ட் ஆளு வந்து பக்கத்துல நிக்காம நான் சீட்ட விட்டு எழுந்ததே இல்ல. அதே மாதிரிதான் இதுவும்" என்றீர்கள்.

இன்னொரு விதியும் வைத்தீர்கள். நலமா என்று யாரும் கேட்கக்கூடாது.

"நல்லா இருக்கீங்களான்னு கேட்டா சாகப்போறவன்கூட நல்லா இருக்கேம்பான். என்ன சமைச்சீங்கன்னு கேளுங்க. அதுல எல்லாம் வந்துரும்."

வந்தது, அக்கா. வேலை போன வீட்டில் மீன் வாங்குவது நின்றது தெரிந்தது. கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில் இரண்டு பேருக்கும் இரண்டு சமையல் நடந்தது தெரிந்தது. யாரும் யாரிடமும் உதவி என்று கேட்கவில்லை. ஆனாலும் அரிசி போய்ச் சேர்ந்தது, மருந்து போய்ச் சேர்ந்தது, ஒரு வீட்டுக்குப் பிறந்தநாள் கேக்கூடப் போய்ச் சேர்ந்தது.

இதில் என் பங்கைத்தான் எழுதக் கூசுகிறது.

எனக்குப் பின்னால் உட்காருகிறவர் செல்லதுரை அங்கிள். மனைவி போனபிறகு டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். மகன் ஜொகூரில். அங்கிளுக்குப் பெரிய குரல். சுருதி மட்டும் அவர் பக்கத்தில் வருவதில்லை. பதினைந்து வருடம் என் வலது காதுக்குள் பாடினார். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் பொறுமை இழந்து திரும்பி, "அங்கிள், கொஞ்சம் மெதுவா. முன்னால இருக்கிறவங்களுக்குக் காது இருக்கு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் பாடவே இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே நிற்பார். என் முகத்தைப் பார்க்கமாட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்து, ஒவ்வொரு வாரமும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடுவேன். அப்படியே மூன்று வருடம் ஓடியிருந்தது.

லைனில் அவரை அழைக்க வேண்டியவள் நான். முதல் மூன்று வாரமும் கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன். மூன்று முறையும் ஒரே தந்திரம் செய்தேன். அவரைத் தாண்டி, நான்காவது பெஞ்சுக்காரருக்கு நானே அழைத்து, "அங்கிளுக்குக் கொஞ்சம் வேலையாம், அவருக்குப் பதிலா நான் கூப்பிடுறேன்" என்றேன். லைன் ஓடியது. நேரத்துக்கு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு, லைன் முடிந்து அரை மணி நேரத்தில் நீங்கள் மறுபடி அழைத்தீர்கள்.

"ரூத், அங்கிள் என்ன சமைச்சாரு இன்னைக்கு?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "மீன் கறிக்கா."

"என்ன மீனு?"

"கெம்போங்."

உங்கள் வீட்டு மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவரு வீட்டுல கேஸ் தோங்கு காலியாகி ஒம்பது நாளாச்சும்மா. எப்பவும் கொண்டாந்து போடுற கடைக்காரன் மூடிட்டானாம். லிப்டும் வேல செய்யல. ரைஸ் குக்கர்ல சோத்த வச்சு, அதுல கிச்சாப்பு சாஸ ஊத்திச் சாப்புடுறாரு. காலையிலயும் அதான், ராத்திரியும் அதான். சக்கர வியாதிக்காரரு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"லைன் ஓடிட்டா மட்டும் போதுமா? லைன் லீடரு நடுவுல ஒரு பீஸ எடுத்துத் திருப்பிப் பாப்பா. இன்னைக்கு அவர எடுத்துப் பார்த்தேன்."

திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் திட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அந்த நிமிடத்தில் நீங்களே அவருக்கு எல்லாம் செய்திருக்க முடியும். நான்காவது பெஞ்சுக்காரரிடம் சொல்லி என்னை லைனிலிருந்து நீக்கியிருக்கவும் முடியும். செய்யவில்லை.

"இப்பக் கூப்புடு. நான் சொன்னேன்னு சொல்லாத. கேஸ நீயே விசாரி" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

அழைத்தேன். நெடுநேரம் மணியடித்தது.

"யாரு?"

"நான்தான் அங்கிள். ரூத்."

"எந்த ரூத்து?"

"உங்க முன்னால உக்கார்றவ."

"ஓ... காது இருக்கிறவங்களா."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை. அவரைப் பாடவிடாமல் செய்தது என் தப்பு என்றேன். மூன்று வாரமாக அவரைத் தாண்டிப் போனதும், அன்று அவர் கெம்போங் மீன் கறி வைத்ததாகப் பொய் சொன்னதும் என் தப்பு என்றேன். "கெம்போங்கா? பொய்தான் சொல்ற, வெல கூடுன வவ்வால் மீனுன்னு சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

என் பகுதிக் கடையில் சொல்லி மறுநாள் அவருக்குச் சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. கடைப்பையன்கள் மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அதற்கு முன்பே அன்று மாலை, வீட்டில் இருந்த பருப்பையும் முட்டைப் பொரியலையும் தூக்குச்சட்டியில் போட்டு நடந்தே போனேன். அவர் வீட்டு இரும்புக் கதவில் மாட்டிவிட்டு, படிக்கட்டு முனையில் தள்ளி நின்றேன். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பதினெட்டு வருடம் பின்னால் இருந்த மனிதரின் முகத்தை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன், அதுவும் பாதி.

அதன்பிறகு நான்கு மணிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். நானும் தனியாகத்தானே இருந்தேன், அக்கா. செபராங் ஜெயா அலுவலக வேலை வீட்டு மேசைக்கு வந்துவிட்ட பிறகு, தினமும் கடந்துபோன கடற்பாலத்தைக்கூடப் பார்க்காமல் நாட்கள் போயின. வாரத்தில் என்னிடம் என்ன சமைத்தாய் என்று கேட்ட குரல் உங்களுடையது மட்டும்தான். மிளகாய் கூடவா, உப்புக் குறைவா என்றுகூடக் கேட்பீர்கள்.

நான் ஒருமுறையும் திருப்பிக் கேட்கவில்லை. லைன் முன்னாலிருந்து பின்னால்தானே போகிறது என்று இருந்துவிட்டேன்.

அதைக் கவனித்தது செல்லதுரை அங்கிள். இரண்டாவது வருடம், ஆலயம் திறக்கும் முன்பே மறுபடி எல்லாம் மூடியபோது, ஒரு ஞாயிறு என்னிடம் கேட்டார். "நம்ம எல்லாரையும் ஒருத்தர் கேக்குறாங்க. மொத பெஞ்சுக்கு முன்னால யாரு உக்கார்றா?"

"யாரும் இல்ல அங்கிள். பலிபீடம்தான்."

"பலிபீடம் போன் பண்ணாதே" என்றார்.

அன்றிலிருந்து லைன் முடிந்ததும் அவர் உங்களை அழைக்க ஆரம்பித்தார். உங்களுக்கு அது பிடிக்கவில்லை. "வயசானவரு, பேசினா விடமாட்டேங்குறாரு" என்று என்னிடம் குறைப்பட்டீர்கள். ஆனால் எடுத்தீர்கள். உங்கள் விதியையே உங்களிடம் பிரயோகித்தார் மனிதர். நான்காவது வாரம் என்னை அழைத்தார்.

"ரூத்து, அந்தம்மா மூணு வாரமா ரசஞ்சோறுன்னு சொல்றாங்க. சம்பல் இல்லாம சோத்தத் தொடாத பொம்பள. கேட்டா, காரம் சேரல, தொண்ட சரியில்லைங்கிறாங்க. எனக்கு இது சரியாப் படல."

எனக்கும் சரியாகப் படவில்லை. போதகரிடம் சொல்லி அனுமதிக் கடிதம் வாங்கி உங்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம், சாதாரணத் தொண்டை வலிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஞாயிறு லைன யாரு தொடங்குறது?"

"நீங்கதான்" என்றேன்.

"சரி, அப்ப வண்டிய எடு."

முழுமையாகக் குணமாகவில்லை. ஆனால் அதன்பிறகு ஒன்றரை வருடம் கிடைத்தது. ஆலயம் திறக்க அனுமதி வந்தபோது நீங்கள் இருந்தீர்கள். இடைவெளி விட்டு உட்காருவதற்காகப் பெஞ்சுகளில் நாடா ஒட்டும் வேலையை யார் சொல்லியும் கேட்காமல் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். நிற்கத் தெம்பில்லாமல், பெஞ்சில் உட்கார்ந்தபடி நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தீர்கள், நான் ஒட்டினேன். முதல் பெஞ்சுக்கு மட்டும் உங்கள் கையாலேயே ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தீர்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இத்தன சிலுவை நம்ம சர்ச்சுல எப்பவுமே இருந்ததில்ல" என்றீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அந்த முதல் ஞாயிறு, முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தோம். முகக்கவசம், இடைவெளி, பாதி ஆட்கள். குரல்கள் தயங்கின. நீங்கள் திரும்பினீர்கள். கழுத்து மட்டுமல்ல, உடம்போடு முழுவதும் திரும்பி, என்னைத் தாண்டி மூன்றாவது பெஞ்சைப் பார்த்து, "அங்கிள், சத்தமா" என்றீர்கள். அவர் பாடினார். சுருதி அப்போதும் வரவில்லை. என் வலது காது அதை வாங்கிக்கொண்டது.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்கள் அடக்க ஆராதனையிலும் அவர்தான் எல்லாரையும்விட உரக்கப் பாடினார். முதல் பெஞ்சுக்கு மாறச் சொல்லி என்னிடம் பலமுறை கேட்டுவிட்டார்கள். மாறவில்லை. லைனை நான் இரண்டாவது பெஞ்சிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாம் திறந்தபிறகும் எதற்கு இது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு முன்னால், ஒரு பின்னால் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன். மாதத்தில் ஒருமுறை, நடுவில் யாராவது ஒருவரை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். என்னைப் போல ஒருத்தி இரண்டு முறை அகப்பட்டாள். திட்டவில்லை, அக்கா. இப்பக் கூப்புடு என்று மட்டும் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நான்கு மணியாகிவிட்டது. அங்கிளே முந்திக்கொண்டு அழைத்துவிட்டார். இப்போதெல்லாம் எனக்கு முன்னால் யாரும் இல்லை என்பதால் அவர் பின்னாலிருந்து கேட்கிறார்.

"என்ன சமைச்ச?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"ஒண்ணும் சமைக்கல அங்கிள். காலையில இருந்து ரெண்டு ரொட்டி. ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"யாருக்கு?"

"முன் பெஞ்சுக்கு."

"முடிச்சிட்டு வா. கெம்போங் வாங்கிக் கறி வச்சிருக்கேன். இந்தத் தடவ நெசமான மீனு."

தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன், அக்கா. கிளம்புகிறேன்.

உங்கள் பின்னால் உட்காருகிறவள்,
ரூத்