நாகமல்லி காலனி ஊஞ்சலை அகற்றாதிருக்க வேண்டி

அனுப்புநர்
சுப்ரியா சரத்,
நாகமல்லி காலனி, மல்காஜ்கிரி,
ஹைதராபாத்.

பெறுநர்
பூங்காக்கள் பிரிவு அதிகாரி அவர்கள்,
வட்ட அலுவலகம், ஹைதராபாத்.

பொருள்: எங்கள் காலனிப் பூங்காவின் ஊஞ்சலை அகற்றும் முடிவைக் கைவிடவும், பூங்காவை இரவு எட்டரை வரை திறந்து வைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குழந்தைகள் யாரும் வருவதில்லை என்பதால் ஊஞ்சலை எடுத்துவிட்டு முதியோர் நடைபாதை அமைக்கப்படும் என்று பூங்கா வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. ஆய்வுக்கு வந்தவர் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு வந்தார். அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், மாலையில் காப்பகத்தில். என்னைப் போன்றவர்கள் ஹைடெக் சிட்டி நெரிசலைத் தாண்டி வந்து அவர்களை வீட்டுக்கு அழைத்து வருவதற்குள் ஏழரை ஆகிவிடும். பூங்காவை ஏழுக்கே பூட்டிவிடுகிறார்கள். பூட்டிய பூங்காவில் பிள்ளைகளை யாரால் பார்க்க முடியும்?

2. பிள்ளைகள் குறைவு என்பதும் உண்மையே. இங்கே பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று. சில வீடுகளில் அதுவும் இல்லை. நாங்கள் யாரும் பிள்ளையே வேண்டாம் என்று சபதம் எடுத்தவர்கள் அல்லர். முன்பு சுவரெல்லாம் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதியிருக்கும். இப்போது நாம் இருவர், நமக்கு வீட்டுக்கடன். கடன் கொஞ்சம் குறையட்டும் என்றோம். பதவி உயர்வு வரட்டும் என்றோம். மகள் வர்ஷினியின் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்து, இன்னொரு வருடம் போகட்டும் என்றோம். நானும் கணவரும் துணிந்தபோது மருத்துவர் கையை விரித்துவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

3. காலனிச் சங்கச் செயலாளர் திரு. தேவராஜிடம் முதலில் முறையிட்டேன். "ஊஞ்சல் எதுக்கும்மா? ஆடறதுக்கு ஆள் எங்கே?" என்றார். ஏழரை மணிக்கு ஒரு நாள் பூங்கா வாயிலுக்கு வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வந்தார். பூட்டிய கம்பிக் கதவில் ஏறி நின்றபடி ஆறு பிள்ளைகள் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் தமிழர் என்பதால் இந்த மனுவைத் தமிழில் எழுதியுள்ளேன். கோப்புக்கான தெலுங்குப் படியை எழுதித் தந்தவர் அந்தத் தேவராஜ் அவர்களே.

4. நடைபாதைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். எங்களுக்கும் வயதாகும். ஊஞ்சலைச் சுற்றி நடக்கத் தாராளமாக இடம் இருக்கிறது.

ஆகவே, ஏழரை மணிக்கு மறுஆய்வு செய்து, தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். வர்ஷினி தம்பி வேண்டும் என்று கேட்டாள். அது என்னால் ஆகவில்லை. ஊஞ்சலை எடுக்க வேண்டாம் என்று சொல் என்கிறாள். அது தங்களால் ஆகும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) சுப்ரியா சரத்

இடம்: மல்காஜ்கிரி
நாள்: 17.11.2025